தோட்டமும் சோகையும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சோகை. இரத்தசோகை என்றும் சொல்வர். பழைய வைத்திய நூல்கள் இதைப் பாண்டு என்று குறிக்கும். சோகை கண்டவரின் கண்ணில் கீழிமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பு இராது. நகம் வெளுத்திருக்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். வேலையில் கை ஓடாது. பிள்ளையாக இருந்தால் பாடத்தில் மனம் ஒட்டாது. தோட்டத்துக் குடும்பங்களில் இந்த அடையாளங்களைக் காணாத தலைமுறையே இல்லை எனலாம்.

இது ஏன் வருகிறது என்று வீட்டில் கேட்டால், "இரத்தம் பத்தவில்லை" என்பார்கள். இரத்தம் ஏன் பத்தவில்லை? "இரும்புச் சத்து குறைந்துவிட்டது" என்பார் மருத்துவர். சரி, இரும்புச் சத்து ஏன் குறைந்தது? இந்த மூன்றாவது கேள்வியைத் தோட்டங்களில் நெடுங்காலம் கேட்டவர் சிலரே. கேட்காமலே, சோர்ந்து உட்கார்ந்த தொழிலாளியைச் சோம்பேறி என்று ஏசினர். அந்த மூன்றாவது கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம். அவ்விடை நம் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

முதலில் இரும்பைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். இரத்தம் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள சிவப்பணுக்கள். அவற்றுக்குள் ஹீமோகுளோபின் என்னும் பொருள் உண்டு. நாம் இழுக்கும் மூச்சிலுள்ள பிராணவாயுவை நுரையீரலில் வாங்கி, உடம்பின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்ப்பது அதன் வேலை. அந்த வேலைக்கு இரும்பு இன்றியமையாதது. வளர்ந்த ஒருவரின் உடம்பிலுள்ள இரும்பு முழுவதையும் திரட்டினால் 3 அல்லது 4 கிராம்தான் தேறும். ஓர் ஆணி செய்யப் போதும். அதில் மூன்றில் இரண்டு பங்கு இரத்தத்திலேயே இருக்கிறது.

நம் உடம்பு சிக்கனமான கணக்குப்பிள்ளை போன்றது. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து அழிந்ததும், அதிலுள்ள இரும்பை எடுத்துப் புதிய அணுவுக்குக் கொடுத்துவிடும். ஆகவே நாளொன்றுக்கு உடம்பை விட்டு வெளியேறும் இரும்பு 1 மில்லிகிராம் அளவுதான். மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு இதைவிடச் சற்றுக் கூடுதல். அச்செலவை உணவு ஈடுசெய்ய வேண்டும். ஆனால் சோற்றையும் காய்கறியையுமே நம்பி வாழ்பவருக்கு, உண்ணும் உணவிலுள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்வதே அரிது. வரவு குறைந்தாலும் சோகை வரும். செலவு மிகுந்தாலும் சோகை வரும். அன்றைய தோட்டங்களில் இரண்டும் ஒருங்கே நேர்ந்தன.

1877-ஆம் ஆண்டு, பேராக்கின் ரெசிடெண்டாக வந்த ஹ்யூ லோ என்பவர் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அன்று அவை வேடிக்கை மரங்கள். 20-ஆம் நூற்றாண்டு பிறந்ததும் மோட்டார் வண்டிகள் பெருகின, டயருக்கு ரப்பர் வேண்டியதாயிற்று, விலை ஏறியது. காடுகள் அழிந்து தோட்டங்களாயின. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடஆற்காடு, தென்னாற்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த மக்கள் கடல் கடந்து வந்து இறங்கினர். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. கங்காணி வழியாக ஆள் சேர்ப்பதோ, 1938-இல் இந்திய அரசு தடுக்கும் வரை ஏதோ ஒரு வகையில் நடந்துவந்தது.

வந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? ஒரு கணக்கைச் சொன்னால் போதும். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களின் தோட்டங்களில் 1911-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 143,000 தொழிலாளர் இருந்தனர். அந்த ஓர் ஆண்டில் மட்டும் அவர்களில் ஏறக்குறைய 9,000 பேர் மாண்டனர். பதினாறு பேருக்கு ஒருவர். இவர்கள் தள்ளாத கிழவர்கள் அல்லர். வேலைக்கென்று பொறுக்கி எடுத்து அழைத்துவரப்பட்ட வயதினர். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் பலரைக் கொண்டுபோயின. போகாமல் தப்பியவரை வெளுக்க வைத்தவை இரண்டு: ஒன்று கொசு, மற்றொன்று புழு.

கொசுவின் கதையை முதலில் பார்ப்போம். மலேரியாக் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்டு ரோஸ் 1897-இல் செகந்தராபாத்தில் கண்டறிந்தார். மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். காய்ச்சல் வந்து வந்து போகப்போக, சிவப்பணுக்கள் குவியல் குவியலாக அழியும், மண்ணீரல் வீங்கும். உடம்பில் இரும்பு இருந்தாலும் புது இரத்தம் செய்ய அதைச் சரிவரப் பயன்படுத்த முடியாமற் போகும்.

கிள்ளானில் அரசாங்க மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் 1901 முதல் இதை ஆராய்ந்தார். கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி வாய்க்கால் தோண்டினால் மலேரியா குறைந்தது. அதே வேலையைக் குன்றுப் பகுதியில் செய்தபோது மலேரியா கூடியது. காரணம் என்ன? குன்றோரத்துக் கொசு இனம் வேறு. வெயில் படும் தெளிந்த ஓடைநீரில்தான் அது முட்டையிடும். காடு இருந்தவரை ஓடைகள் நிழலில் கிடந்தன. காட்டை அழித்து ஓடைக்கு வெயில் காட்டியது தோட்டம். ஆக, அந்தக் காய்ச்சலுக்கு வழிவிட்டது மண்வெட்டியும் கோடரியும். மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓடைநீரை மறைத்தும், நீரின்மேல் எண்ணெய் தெளித்தும் வாட்சன் அதைக் குறைத்துக் காட்டினார். ஆனால் இதற்குப் பணம் செலவாகும். செலவிட முன்வந்த தோட்டம் பிழைத்தது. தயங்கிய தோட்டத்தில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தனர்.

இனிப் புழுவின் கதை. இதன் பெயர் கொக்கிப்புழு. நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவு; தடிமன் தையல் நூல் அளவு. சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடித்து வாழும். இதன் முட்டை மலத்தோடு வெளியே வரும். ஈரமும் வெதுவெதுப்பும் நிழலும் உள்ள மண்ணில் விழுந்தால் ஓரிரு நாளில் பொரியும். ஒரு வாரம், பத்து நாளில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப்புழு தயாராகி, மேலே வரும் காலுக்காகக் காத்திருக்கும். வெறுங்கால் பட்டதும் தோலைத் துளைத்து உள்ளே போகும். அங்கே அரிப்பெடுக்கும். பிறகு இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேரும். தோல் வழியாக இது நுழையும் என்பதைக் கெய்ரோ நகரில் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எதேச்சையாகக் கண்டுபிடித்தார். குஞ்சுப்புழு இருந்த நீர் அவர் கையிலேயே சிந்தி, அரிப்பெடுத்து, சில வாரங்களில் அவர் மலத்திலேயே முட்டைகள் தென்பட்டன.

நேயர்களே, ரப்பர்த் தோட்டத்தைச் சற்று மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். மரங்கள் கிளை கோத்து நிழல் தரும். மழை ஓயாது. மண் சில்லென்று இருந்தாலும் குளிராது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வெட்டும் கத்தியோடு நிரையில் இறங்கினால், அதே மரங்களைச் சுற்றி அதே தடத்தில் நடக்க வேண்டும். லயத்தில் கக்கூசு இல்லை. இருந்தாலும் தூரம், இருட்டு, நாற்றம். ஒதுங்குவதற்கு அந்த நிரைதான். மறுநாள் வெறுங்காலோடு மிதிப்பதற்கும் அந்த நிரைதான். உலகத்தார் காலணிக்கு ரப்பர் தந்தவர் காலில் காலணி இல்லை. கொக்கிப்புழுவுக்கென்றே ஓர் இடத்தை ஒருவர் திட்டமிட்டு அமைத்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக அமைத்திருக்க முடியாது. தமிழ்நாட்டு வயல்களிலேயே இப்புழு மிகுதியாக இருந்தது. பலர் அதைச் சுமந்துகொண்டே கப்பல் ஏறினர். தோட்டம் அதைப் பன்மடங்கு பெருக்கியது.

ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சும் இரத்தம் மிகச் சிறிது. நம் நாட்டில் பரவிய இனம் ஒரு மில்லிலிட்டரில் நூற்றில் மூன்று பங்குதான் உறிஞ்சும். நூறு புழு இருந்தால் நாளுக்கு 3 மில்லிலிட்டர். மாதத்துக்கு 90 மில்லிலிட்டர். ஒரு பெண்ணின் மாதவிலக்கில் போவது சராசரியாக 30, 40 மில்லிலிட்டர். அதைப் போல் இரண்டு பங்குக்கு மேல் புழுவே கொண்டுபோகிறது. ஆணோ பெண்ணோ குழந்தையோ, அது வேறுபாடு பார்ப்பதில்லை. நாளுக்கு 1 மில்லிகிராம் செலவுக்கே வரவு போதாத உடம்பு இந்தக் கசிவை எத்தனை நாள் தாங்கும்?

இவ்வாறு துன்புற்றவர் நாம் மட்டுமல்லர். ஐரோப்பாவில் செயின்ட் கோதார்டு மலைக்குகைப் பாதை தோண்டிய இத்தாலியத் தொழிலாளர் 1880-இல் வெளுத்து வீழ்ந்தனர். வெதுவெதுப்பான சுரங்கம், கக்கூசு இல்லாத வேலைத்தளம். அங்கும் இதே புழு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழை வெள்ளையர்கள் பிறவிச் சோம்பேறிகள் என்று ஏளனம் செய்யப்பட்டனர். 1902-இல் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்பவர் அவர்களிடம் கொக்கிப்புழு பரவியிருப்பதை எடுத்துக்காட்டினார். அங்குள்ள நாளிதழ் ஒன்று, சோம்பலின் கிருமி அகப்பட்டது என்று தலைப்பிட்டது. தலைமுறை தலைமுறையாகக் குணம் என்று எண்ணியது நோய் என்று தெளிந்தது. தோட்டத்தில் "வேலைக்குக் கள்ளன்" என்று பெயர் வாங்கிய எத்தனை பேர் உண்மையில் இரத்தம் இன்றித் தள்ளாடியவர்கள் என்பதை இன்று யார் எண்ணிச் சொல்ல முடியும்?

அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிதி இதன்பின் உலகெங்கும் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியது. 1916-இல் இலங்கைத் தோட்டங்களில் வேலை தொடங்கியது. நம் நாட்டுக்கு டாக்டர் சாமுவேல் டார்லிங் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு வந்தது. அவருடன் பார்பர், ஹேக்கர் என்னும் இருவர். 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் ஆராய்ந்தனர். தொழிலாளருக்குப் பேதி மருந்து கொடுத்து, வெளிவந்த புழுக்களை ஒன்றுவிடாமல் எண்ணினர். இரத்தத்தின் நிறத்தை அளந்தனர். மண்ணீரலைத் தொட்டுப் பார்த்தனர். புழு மிகுந்தால் இரத்தம் குறைந்தது. மலேரியாவும் சேர்ந்தால் இன்னும் குறைந்தது. சோகைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேர் உண்டு என்பது இதனால் புலனாயிற்று.

மருந்து இருந்தது. கீனோபோடியம் எண்ணெய் என்னும் கசப்பு மருந்தை வரிசையில் நிறுத்திக் கொடுத்தனர். புழு விழுந்தது, முகம் தெளிந்தது. ஆனால் அவர்கள் திரும்பிப் போனது அதே நிரைக்கு, அதே வெறுங்காலோடு. சில மாதங்களில் புழு மீண்டும் ஏறியது. மருந்து கொடுப்பது எளிது, ஒருநாள் வேலை. கக்கூசு கட்டுவது, குழாய்த் தண்ணீர் இழுப்பது, லயத்தை விசாலமாக்குவது ஆகியவை முதலாளிக்குச் செலவு. எனவே மருந்து பரவிய வேகத்தில் கக்கூசு பரவவில்லை. நோயின் வேருக்கு மேல் இன்னொரு வேரும் உண்டென்பதை இங்கே காண்கிறோம். புழு சோகைக்குக் காரணம். புழுவுக்குக் காரணம், மனிதருக்கு அடிப்படை வசதி தராமல் வேலை வாங்கிய முறை.

இது செலவுப் பக்கம். வரவுப் பக்கமாகிய சோற்றுப் பானையையும் திறந்து பார்ப்போம். நம் மக்களின் உணவில் ஒரு பெருமையும் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் பல உயிர்களை வாங்கிற்று. தமிழ்த் தொழிலாளரை அது பெரும்பாலும் தீண்டவில்லை. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவர் அதற்குக் காரணம் கண்டனர். தீட்டிய பச்சரிசி தின்றவருக்கே நோய். நம்மவர் தின்றது புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது உமியோரத்துச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். நம் பாட்டிமார் வழக்கமே மருந்தாயிற்று.

ஆனால் புழுங்கல் அரிசி இரும்பைத் தரவில்லை. சோறு, புளிக்குழம்பு, கொஞ்சம் கருவாடு, இறைச்சி பண்டிகைக்கு. பெண்ணுக்குக் கூலி ஆணைவிடக் குறைவு. வேலையோ விடியுமுன் அடுப்படியில் தொடங்கி இரவு வரை. கணவனும் பிள்ளைகளும் உண்டபின் பானையில் மிஞ்சியதே அவள் பங்கு. ஒரு பிள்ளையைச் சுமந்து பெற ஏறக்குறைய 1 கிராம் இரும்பு வேண்டும். உடம்பிலுள்ள கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கு! அது நிரம்புவதற்குள் அடுத்த பிள்ளை. பிரசவத்தில் சிறிது இரத்தம் போனாலும் தாங்காத உடம்பாகி, எத்தனையோ தாய்மார் லயத்துத் திண்ணையிலேயே கண்மூடினர். சோகை கண்ட தாயின் பிள்ளையும் இரும்பு குறைந்தே பிறக்கும். சோகை இப்படித்தான் குடும்பச் சொத்தாகக் கைமாறியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மண்ணையும் சாம்பலையும் பச்சரிசியையும் அள்ளித் தின்னும் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் உண்டு. மண் தின்றதால் இரத்தம் வற்றியது என்று நாம் அடிப்போம். இரும்புக் குறைவே பலருக்கு அந்த விநோத ஆசையை எழுப்புகிறது. அடிக்க வேண்டாம்; இரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

ஜப்பானியர் ஆட்சிக் காலமாகிய 1942 முதல் 1945 வரை மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர் பல்லாயிரவர். மலேரியாவும் பட்டினியும் அங்கே செய்த கொடுமையைத் தனியே பேச வேண்டும்.

நாடு விடுதலை பெற்றபின் நிலைமை மாறலாயிற்று. தோட்டத் தொழிலாளரின் வீட்டுக்கும் தண்ணீருக்கும் கக்கூசுக்கும் குறைந்த அளவு விதிகளை 1966-இல் வந்த சட்டம் வகுத்தது. 1967-இல் தீபகற்ப மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் இந்நாட்டில் உள்ளூரில் தோன்றவில்லை. குரங்கிலிருந்து தொற்றும் ஒரு வகை மட்டும் இருக்கிறது. காலில் செருப்பு வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, நம் குடும்பங்கள் ஈப்போவின் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. கொக்கிப்புழு பெருமளவு பின்வாங்கியது. வசதி எட்டாத ஓராங் அஸ்லி குடியிருப்புகள் சிலவற்றில் அது இன்னும் தங்கியிருப்பது, மேலே சொன்னதற்குச் சான்று.

அப்படியானால் சோகை போய்விட்டதா? இல்லை. 2019-இல் நாடு முழுவதும் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், ஐவரில் ஒருவருக்குச் சோகை இருந்தது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்துக்கு மூவருக்கு இருந்தது. கொசுவும் புழுவும் விலகியபின் மிஞ்சியிருப்பது சோற்றுப் பானையும் பெண்ணின் உடம்பும். ஆகவே இன்றைக்குக் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சோற்றோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை விடுங்கள். தேநீரிலுள்ள துவர்ப்பு, காய்கறி உணவின் இரும்பில் பாதிக்கு மேல் உடம்பில் சேராமல் தடுத்துவிடும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். அதற்கு மாறாக எலுமிச்சை, கொய்யா, தக்காளி போன்ற புளிப்பும் பழமும் சோற்றோடு சேர்ந்தால் கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்பு நன்கு சேரும். ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றின் இரும்பு இன்னும் எளிதில் சேரும். இருப்பதை வீட்டுப் பெண்ணுக்கும் பெண்பிள்ளைக்கும் சமமாகப் பங்கிடுங்கள். மாதவிலக்கு மிகுதியாகப் போனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அது மருந்துள்ள நோய். பிள்ளைகளுக்கு இடையே இடைவெளி விடுங்கள்.

கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். அதற்குப் பயந்து ஜன்னலோரம் வைத்துவிடாதீர்கள். ஆனால் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். அதிகமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இரத்தம் தெளிந்த பிறகும் சில மாதம் சாப்பிட்டால்தான் கையிருப்பு நிரம்பும். ஆணுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ சோகை வந்தால் மாத்திரையோடு நிற்கக் கூடாது. வயிற்றுப்புண், மூலம், குடலில் புற்று என எங்கேனும் இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாச் சோகையும் இரும்புக் குறைவும் அன்று. இந்நாட்டில் தலசீமியா என்னும் பரம்பரைச் சோகை உண்டு. 2016 முதல் படிவம் 4 மாணவருக்கு அதற்கான சோதனை நடைபெற்று வருகிறது. ஆகவே கடையில் தானே மாத்திரை வாங்காமல் முதலில் இரத்தத்தைச் சோதியுங்கள்.

வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைப் பார்த்தால் எங்களைப் போன்ற ஆசிரியர்களின் வாயிலும் முதலில் வருவது "சோம்பேறி" என்னும் சொல்தான். அச்சொல்லைச் சற்று அடக்கிவைத்து, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டால் பல வேளைகளில் விடை அதிலேயே கிடைக்கும். தாய்மாரும் தந்தைமாரும் வீட்டில் அவ்வாறே கேளுங்கள். இரத்தம் ஏன் குறைந்தது என்று கேட்டு, கிடைத்த விடைக்கும் ஏன் என்று மறுபடியும் கேளுங்கள். நம் முன்னோர் அந்தக் கேள்வி கேட்கப்படாமலே புதைக்கப்பட்டனர். நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வேண்டாம்.